சிறைக்கு அஞ்சாத ருக்மாபாய்

திருமணமான பெண்ணின் இசைவு என்பதைப் பற்றிக் குற்றவியல் சட்டத்தில் படிக்கும் போதெல்லாம் எனக்கு ருக்மாபாயின் நினைவுதான் வரும். நீதிமன்றத்தையே எதிர்த்து நின்று மறுத்தவர் அவர்.

ருக்மாபாய் 1864-இல் பம்பாயில் பிறந்தார். தந்தை இறந்தபின் தாயார் ஜெயந்திபாய், மருத்துவர் சகாராம் அர்ஜுனை மறுமணம் செய்துகொண்டார். பதினொரு வயதில் ருக்மாபாயைத் தாதாஜி பிகாஜிக்கு மணமுடித்து வைத்தார்கள். எனினும் அவர் கணவன் வீட்டிற்குச் செல்லாமல், மாற்றாந்தந்தையின் ஆதரவில் நூல்களைத் தேடித் தேடிப் படித்து வளர்ந்தார். தாதாஜியோ படிப்பைக் கைவிட்டுக் கடனில் மூழ்கினார்.

1884-இல் மனைவியைத் தம்மோடு சேர்த்து வைக்கக் கோரித் தாதாஜி வழக்குத் தொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், இத்தகைய வழக்கு இந்து தர்ம சாத்திரம் அறியாதது. ஆங்கிலேயரின் திருச்சபை நீதிமன்றங்கள் தந்த சரக்கு. அதே 1884-இல்தான் இங்கிலாந்து, சேர்ந்து வாழ மறுப்போரைச் சிறையிலிடும் வழக்கத்தைக் கைவிட்டது. தங்கள் நாட்டில் தூக்கியெறிந்ததை இங்கே வைத்துக்கொண்டார்கள்! நம்மவருள் மரபைக் காக்கப் புறப்பட்ட பலரும் அதற்கே துணை நின்றனர். திலகரும் ருக்மாபாயைக் கடுமையாக எதிர்த்தார்.

1885-இல் நீதிபதி பின்ஹே, விவரம் அறியாப் பருவத்தில் நடந்த மணத்தைக் காட்டி, வளர்ந்த பெண்ணை வற்புறுத்த முடியாது என்று வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு கவிழ்ந்தது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், கணவனோடு வாழ வேண்டும், இல்லையேல் ஆறு மாதச் சிறை என்றார். ருக்மாபாய் சிறைக்கே போவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. நம்மில் பலர் பட்டமளிப்பு விழாவை எண்ணிக்கொண்டிருக்கும் வயது!

விக்டோரியா அரசியார் தலையிட்டு அத்திருமணத்தை ரத்து செய்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அது அழகான கதை மட்டுமே. 1888-இல் தாதாஜி இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு சமரசமானார் என்பதே உண்மை. இவ்வழக்கு எழுப்பிய விவாதம் மலபாரி போன்ற சீர்திருத்தவாதிகளின் முயற்சிக்கு வலுவூட்டியது. 1891-இல் இசைவு வயது பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தது. அச்சட்டம் மனைவியருக்கும் பொருந்தியது. பன்னிரண்டு வயதைக் கடந்த மனைவிக்கோ சட்டம் ஒன்றும் செய்யவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றிய மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்களிலும் கணவனுக்கு அந்த விலக்கு தொடர்ந்தது. மலேசியாவில் 2007-இல் 375ஏ பிரிவு சேர்ந்தபோது, மனைவியைக் காயப்படுத்தி அல்லது அச்சுறுத்தி உறவு கொள்வது குற்றமானது. ஆனால், கணவனுடைய குற்றமாக அது கருதியது அந்தக் காயத்தையும் அச்சுறுத்தலையும்தான்; இசைவின்மையை அன்று. சிங்கப்பூர் 2020 ஜனவரி 1-இல் அவ்விலக்கை முழுமையாக நீக்கியது.

ருக்மாபாய் 1889-இல் இலண்டன் சென்று, 1894-இல் மருத்துவராகித் தாயகம் திரும்பினார். சூரத்திலும் பின்னர் ராஜ்கோட்டிலும் பெண்கள் மருத்துவமனைகளில் பல்லாண்டுகள் பணியாற்றினார். 1904-இல் தாதாஜி மறைந்தபோது அவர் கைம்பெண் கோலம் பூண்டார். இதை முரண்பாடு என்போர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இம்முறை அவருக்கு ஆணையிட எந்த நீதிமன்றமும் இல்லை.

1955 செப்டம்பரில், தொண்ணூறு வயதில் காலமானார். இந்து திருமணச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். சேர்ந்து வாழ மறுத்தோருக்கான சிறை 1923-இலேயே நீங்கியிருந்தது. ஆனால் தாதாஜி தொடுத்த அதே வகை வழக்கு, அச்சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் இடம்பெற்றது.