காற்றின் எடை அறிந்த மாமனிதர்



டர்போ என்றதும் என் நினைவுக்கு வருபவர் டாக்டர் சான்ஃபோர்ட் மாஸ். 1872-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். 16 வயதில் மெஷின் ஷாப்பில் அப்ரன்டிஸ். கையில் கிரீஸ் படிந்த பிறகுதான் கல்லூரிக்கே போனார். 1903-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அங்கே அவர் ஓட்டிப் பார்த்த கேஸ் டர்பைன், தன் கம்ப்ரஸரைச் சுற்றும் அளவுக்குக்கூட சக்தி தரவில்லை. மனுஷர் விடவில்லையே!

1918-ல் லிபர்ட்டி விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். கீழே 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின், உச்சியில் தந்தது வெறும் 230. இன்ஜின் பழுதில்லை, காற்றுதான் லேசு. புகைபோக்கி வாயுவால் சுழலும் டர்போவை மாட்டினார், 356 வந்தது!

ஆனால் அழுத்தினால் காற்று சூடாகும். சூடானால் மறுபடி லேசாகும். அதனால்தான் பின்னாளில் டர்போ பூட்டிய பி-17 விமானங்களில் இன்டர்கூலரும் வைத்தார்கள். நாமே கணக்குப் போடலாம். அழுத்தம் மாறாமல் 27 டிகிரி காற்று 47 டிகிரி ஆனால், எடையில் 16-ல் ஒரு பங்கு போச்சு. பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங் பயமும் கூடும். இக்னிஷனை ரிடார்ட் பண்ணணும். ஆகவே, பூஸ்ட் கேஜை மட்டும் நம்பாதீங்க; தெர்மாமீட்டரையும் பாருங்க.

1940-ஆம் ஆண்டுக்கான காலியர் விருது பெற்ற மாஸ், 1946-ல் மறைந்தார். எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பட்டறையிலிருந்து டாக்டர் பட்டம் வரை ஒரு பாதை உண்டு என்று எனக்குக் காட்டியவர் அவர்தான்.