பில் வெக்

பில் வெக் என்று பரவலாக அறியப்பட்ட வில்லியம் லூயிஸ் வெக் (பெப்ரவரி 9, 1914 - ஜனவரி 2, 1986) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழில்முறை அடிபந்தாட்ட (பேஸ்பால்) அணி உரிமையாளர் ஆவார். கிளீவ்லாந்து இந்தியன்ஸ், செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ், சிகாகோ வைட் சாக்ஸ் ஆகிய மூன்று அணிகளை வெவ்வேறு காலங்களில் நடத்தினார். இவற்றுள் வைட் சாக்ஸ் அணியை இரண்டு முறை வாங்கி, இரண்டு முறை விற்றார். அமெரிக்கன் லீக்கில் முதல் கறுப்பின வீரரை ஆடச் செய்தவர் இவரே. இரசிகர்களைக் கவர இவர் செய்த வேடிக்கைகள் பெரிதும் பேசப்பட்டாலும், அணிகளை வாங்குவதிலும் விற்பதிலும் இவர் நடத்திய போராட்டங்கள் அவ்விளையாட்டின் வணிக வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றன.

பின்னணி

அமெரிக்காவில் மேஜர் லீக் எனப்படும் முதல்நிலை அடிபந்தாட்டம் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்னும் இரு பிரிவுகளைக் கொண்டது. ஓர் அணி தனியாருக்குச் சொந்தமானது என்றாலும் அதை வீடு, நிலம் போல விரும்பியவருக்கு விற்றுவிட முடியாது. வாங்குபவரை லீக்கின் பிற அணி உரிமையாளர்கள் வாக்களித்து ஏற்க வேண்டும். அணியை வேறு நகருக்கு மாற்றுவதற்கும் அவர்களது ஒப்புதல் தேவை. 1922 ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏகபோகத் தடைச் சட்டங்கள் அடிபந்தாட்டத்துக்குப் பொருந்தா எனத் தீர்ப்பளித்தது, உரிமையாளர்களின் இந்தக் கூட்டு அதிகாரத்தை வலுப்படுத்தியது. யார் உரிமையாளர் ஆகலாம், எந்த நகருக்கு அணி கிடைக்கலாம் என்பதை ஒரு சிலரே முடிவு செய்யும் இம்முறையோடு வெக் வாழ்நாள் முழுவதும் மோதினார்.

இளமைக்காலம்

வெக் சிகாகோவில் பிறந்தார். செய்தித்தாளில் விளையாட்டு எழுத்தாளராக இருந்த அவரது தந்தை பின்னர் சிகாகோ கப்ஸ் அணியின் தலைவரானார். சிறுவயதிலேயே வெக் அவ்வணியின் அரங்கில் சோளப்பொரி விற்பது, நுழைவுச்சீட்டு விற்பது போன்ற வேலைகளைச் செய்தார். 1933 இல் தந்தை இறந்தபின் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுக் கப்ஸ் அணியில் பணியாற்றி, அதன் பொருளாளராக உயர்ந்தார். ரிக்லி ஃபீல்டு அரங்கின் வெளிச்சுவரில் 1937 ஆம் ஆண்டு கொடிகளை நட்டவர் இவர். அக்கொடிகள் அவ்வரங்கின் அடையாளமாக விளங்குகின்றன.

1941 இல் முன்னாள் வீரர் சார்லி கிரிம்முடன் சேர்ந்து, கீழ்நிலை லீக்கில் ஆடிய மில்வாக்கி புரூவர்ஸ் அணியை வாங்கினார். கடனில் இருந்த அவ்வணி 1943 முதல் 1945 வரை தொடர்ந்து மூன்று முறை தன் லீக்கின் வாகையர் பட்டத்தை வென்றது. 1945 இல் அதை இலாபத்துக்கு விற்றார். இதற்கிடையில் இரண்டாம் உலகப்போரில் கடற்படை வீரராகப் பசிபிக் பகுதியில் பணியாற்றியபோது, பீரங்கியின் பின்னுதைப்பில் அவரது வலது கால் நசுங்கியது. 1946 இல் அக்கால் பாதத்துக்கு மேல் துண்டிக்கப்பட்டது. பிற்காலத்தில் மேலும் பல அறுவைச் சிகிச்சைகளுக்கு உட்பட்டு மரக்காலுடன் வாழ்ந்தார்.

பிலடெல்பியா பற்றிய சர்ச்சை

1942 ஆம் ஆண்டின் இறுதியில், நிதி நெருக்கடியில் இருந்த பிலடெல்பியா பில்லீஸ் அணியை வாங்கி, கறுப்பின வீரர்களைக் கொண்டு அதை நிரப்பத் திட்டமிட்டதாக வெக் 1962 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் எழுதினார். அக்காலத்தில் மேஜர் லீக்கில் கறுப்பினத்தவர் எவரும் ஆட இயலாத நிலை இருந்தது. திட்டத்தை ஆணையர் கெனெசா மவுண்டன் லாண்டிசிடம் தெரிவித்ததாகவும், அதன்பின் அணி வேறொருவருக்குத் திருப்பிவிடப்பட்டதாகவும் அவர் கூறினார்.

பில்லீஸ் அணியை நேஷனல் லீக்கே எடுத்துக்கொண்டு, 1943 இல் வில்லியம் காக்ஸ் என்பவருக்கு விற்றது உண்மை. தன் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதற்காகக் காக்ஸ் அதே ஆண்டில் அடிபந்தாட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆனால் வெக்கின் கூற்றுக்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை என ஆய்வாளர்கள் சிலர் 1998 இல் வாதிட்டனர். தன் நூல் வெளிவருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவர் இதைப் பற்றிப் பேசியிருந்ததைப் பின்வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். திட்டம் எந்த அளவுக்கு முன்னேறியிருந்தது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

கிளீவ்லாந்து

1946 சூன் மாதத்தில் வெக் தலைமையிலான குழு கிளீவ்லாந்து இந்தியன்ஸ் அணியை வாங்கியது. அடுத்த ஆண்டு சூலை 5 அன்று லாரி டோபி அவ்வணிக்காகக் களமிறங்கி, அமெரிக்கன் லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். நேஷனல் லீக்கில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கி மூன்று மாதங்கள்கூட நிறைவடையாத காலம் அது. 1948 இல் கறுப்பினத்தவர் லீக்குகளில் புகழ்பெற்றிருந்த மூத்த பந்து வீச்சாளர் சாட்செல் பெய்ஜையும் வெக் சேர்த்துக்கொண்டார். அவ்வாண்டில் கிளீவ்லாந்து உலகத் தொடரில் பாஸ்டன் பிரேவ்ஸ் அணியை வென்றது. அப்பருவத்தில் 26 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் உள்ளூர் ஆட்டங்களைக் கண்டனர்.

எனினும் மணமுறிவுக்கான பணத்தைத் திரட்ட வேண்டியிருந்ததால் 1949 இல் அணியை 22 இலட்சம் டாலருக்கு விற்றார்.

செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ்

1951 இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கினார். ஒரே நகரில் கார்டினல்ஸ், பிரவுன்ஸ் என இரு அணிகள் இருந்தன. பிரவுன்ஸ் அணி தன் வரலாற்றில் 1944 ஆம் ஆண்டில் மட்டுமே லீக் வாகையர் ஆகியிருந்தது. இரு அணிகளைத் தாங்கும் அளவுக்கு நகரம் பெரிதன்று என்பதை அறிந்த வெக், கார்டினல்ஸ் அணியை வெளியேறச் செய்ய முயன்றார்.

கூட்டத்தைச் சேர்க்கப் பல புதுமைகளைக் கையாண்டார். 1951 ஆகத்து 19 அன்று, 3 அடி 7 அங்குல உயரமுடைய எடி கெய்டல் என்பவரை 1/8 என்ற எண்ணுள்ள உடையில் மட்டையாளராக இறக்கினார். அவ்வளவு குறைந்த உயரத்துக்கு நேராகப் பந்து வீச முடியாத எதிரணி வீச்சாளர் நான்கு தவறான பந்துகளை வீச, கெய்டல் முதல் தளத்துக்கு நடந்து சென்றார். லீக் தலைவர் மறுநாளே அவரது ஒப்பந்தத்தை இரத்துச் செய்தார். சில நாட்களுக்குப் பின் நடந்த மற்றோர் ஆட்டத்தில் இரசிகர்களே அட்டைகளைக் காட்டி அணியின் உத்திகளை முடிவு செய்தனர்.

கார்டினல்ஸ் உரிமையாளர் பிரெட் சை வரி ஏய்ப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டு, அணியை விற்கும் நிலைக்கு வந்தபோது வெக்கின் திட்டம் வெற்றிபெறும் எனத் தோன்றியது. ஆனால் 1953 பெப்ரவரியில் அந்நகரின் அன்ஹைசர்-புஷ் மது நிறுவனம் கார்டினல்ஸை வாங்கியது. அதன் செல்வத்தோடு போட்டியிட இயலாது என உணர்ந்த வெக், பிரவுன்ஸ் அணியை வேறு நகருக்குக் கொண்டு செல்ல முடிவு செய்தார்.

கட்டாய விற்பனை

முதலில் மில்வாக்கியை நாடினார். அந்நகரின் உரிமையை வைத்திருந்த பாஸ்டன் பிரேவ்ஸ் உரிமையாளர் லூ பெரினி அதை விட்டுக்கொடுக்காமல் தன் அணியையே அங்கு மாற்றினார். அடுத்துப் பால்ட்டிமோருக்குச் செல்ல வெக் 1953 மார்ச்சில் அனுமதி கோரினார். எட்டு வாக்குகளில் ஆறு தேவைப்பட்டது. அது கிடைக்கவில்லை. விருந்தினர் அணிக்கும் தொலைக்காட்சி வருமானத்தில் பங்கு வேண்டும் என வெக் வாதாடி வந்தது பெரிய அணிகளின் உரிமையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. அவரது வேடிக்கைகள் விளையாட்டின் மதிப்பைக் குறைப்பதாகவும் அவர்கள் கருதினர்.

வெளியேற விரும்பும் அணி என்பது தெரிந்துவிட்டதால் செயின்ட் லூயிஸ் இரசிகர்கள் பிரவுன்ஸைப் புறக்கணித்தனர். அவ்வாண்டு முழுவதும் வந்தவர்கள் 3 இலட்சத்தை எட்டவில்லை. வெக் தன் அரங்கைக் கார்டினல்ஸ் அணிக்கு 8 இலட்சம் டாலருக்கு விற்றார், வீரர்களையும் விற்றார். அணி 100 ஆட்டங்களில் தோற்றது. செப்டம்பரில் மீண்டும் அனுமதி கேட்டபோதும் மறுக்கப்பட்டது. வெக் தன் பங்குகளைக் கிளாரன்ஸ் மைல்ஸ் என்ற வழக்கறிஞர் தலைமையிலான பால்ட்டிமோர் குழுவுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் டாலருக்கு விற்க ஒப்புக்கொண்ட பின்னர், 1953 செப்டம்பர் 29 அன்று அதே உரிமையாளர்கள் அதே இடமாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தனர். ஆட்சேபணை நகரத்தின் மீதன்று, வெக்கின் மீதே என்பது இதனால் வெளிப்பட்டது. 1954 முதல் அவ்வணி பால்ட்டிமோர் ஓரியோல்ஸ் என்ற பெயரில் ஆடி வருகிறது.

சிகாகோ வைட் சாக்ஸ்: முதல் முறை

வைட் சாக்ஸ் அணி அதன் நிறுவனர் சார்லஸ் கமிஸ்கியின் குடும்பத்திடம் இருந்தது. அவரது பேத்தி டோரதி கமிஸ்கி ரிக்னியிடம் 54 விழுக்காடும், அவருடைய தம்பி சக் கமிஸ்கியிடம் 46 விழுக்காடும் இருந்தன. 1959 மார்ச்சில் டோரதி தன் பங்குகளை வெக் குழுவினருக்கு விற்றார். சக் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றும் பயனில்லை. ஆனால் தன் பங்குகளை அவர் வெக்கிற்கு விற்கவில்லை.

இது வெக்கிற்கு இழப்பாக அமைந்தது. அணியை வாங்கும் விலையின் பெரும்பகுதியை வீரர்களின் ஒப்பந்தங்களுக்கு உரியதாகக் காட்டி, இயந்திரங்களைப் போல ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து வரியைக் குறைக்கும் முறையைப் பரப்பியவர் அவரே. அதற்குக் குறைந்தது 80 விழுக்காடு பங்குகள் தேவைப்பட்டன. பிற்காலத்தில் செல்வந்தர்கள் அணிகளை வாங்குவதற்கு இவ்வரிச் சலுகை ஒரு முக்கியக் காரணமாயிற்று.

1959 இல் வைட் சாக்ஸ் 40 ஆண்டுகளுக்குப் பின் லீக் வாகையர் ஆனது. உலகத் தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்சிடம் தோற்றது. 1960 இல் வாணவேடிக்கை நிகழ்த்தும் புள்ளிப்பலகையை வெக் நிறுவினார். வீரர்களின் உடைப் பின்புறத்தில் பெயர் பொறிக்கும் வழக்கத்தையும் தொடங்கினார். உடல்நலம் குன்றியதால் 1961 இல் பங்குகளை விற்று விலகினார்.

இரண்டாம் முறை

1970 இல், வீரர்களை ஒரே அணியோடு பிணைத்து வைக்கும் ஒப்பந்த விதியை எதிர்த்துக் கர்ட் பிளட் என்ற வீரர் தொடுத்த வழக்கில், வெக் வீரருக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். அப்போது பதவியில் இருந்த உரிமையாளர் எவரும் இவ்வாறு செய்யவில்லை.

1975 இல் வைட் சாக்ஸ் அணி சியாட்டில் நகருக்குப் போகும் நிலை ஏற்பட்டபோது அதை மீண்டும் வாங்க வெக் முன்வந்தார். அவரது நிதி ஏற்பாடு போதாது எனக் கூறி லீக் முதலில் மறுத்தது. மேலும் 12 இலட்சம் டாலர் திரட்டுமாறு கோரியது. ஒரு வாரத்துக்குள் அவர் அதைத் திரட்டியதால் திசம்பர் 10 அன்று ஒப்புதல் கிடைத்தது. அணி சிகாகோவிலேயே தங்கியது.

அடுத்த இரு வாரங்களுக்குள், அந்த ஒப்பந்த விதியைச் செல்லாததாக்கும் நடுவர் தீர்ப்பு வெளிவந்தது. வீரர்களின் ஊதியம் விரைவாக உயர்ந்தது. நியாயம் என்று வெக் சாட்சியம் அளித்த அதே மாற்றம், சொந்தச் செல்வம் குறைந்த அவரது அணியைத் தாக்கியது. 1977 இல் 90 வெற்றிகளைப் பெற்றபோதும் சிறந்த வீரர்களைத் தக்கவைக்க முடியவில்லை. 1978 இல் லாரி டோபியை அணி மேலாளராக்கினார். 1979 சூலை 12 அன்று டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்க்கும் நிகழ்ச்சி கலவரமாக மாறியதால், அன்றைய இரண்டாம் ஆட்டம் டெட்ராயிட் அணிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது.

நிராகரிக்கப்பட்ட விற்பனை

1980 இல் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த வணிக வளாகக் கட்டுநர் எட்வர்ட் டிபார்ட்டோலோவுக்கு 2 கோடி டாலருக்கு அணியை விற்க வெக் உடன்பட்டார். 14 வாக்குகளில் 10 தேவைப்பட்டது. அக்டோபரில் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. திசம்பரில் 11-3 என நிராகரிக்கப்பட்டது. டிபார்ட்டோலோவுக்குக் குதிரைப் பந்தயத் திடல்கள் சொந்தமாக இருந்ததையும் அவர் வெளியூர்க்காரர் என்பதையும் ஆணையர் போவி கியூன் காரணங்களாகக் காட்டினார். குதிரைப் பந்தயத்தோடு தொடர்புடைய வேறு உரிமையாளர்கள் ஏற்கெனவே லீக்குகளில் இருந்ததால் இக்காரணம் பலருக்கு ஏற்புடையதாக இல்லை. டிபார்ட்டோலோவின் இத்தாலிய வம்சாவளியே உண்மைக் காரணம் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. கியூன் அதை மறுத்தார்.

1981 சனவரியில் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப், எடி ஐன்ஹார்ன் ஆகியோரின் குழுவுக்கு அணி விற்கப்பட்டது.

இறுதிக்காலம்

புதிய உரிமையாளர்கள் தம் நிர்வாகத்தை உயர்தரமானதாகக் கூறியதைத் தன்னைக் குறைத்துப் பேசியதாகக் கருதிய வெக், அதன்பின் வைட் சாக்ஸ் அரங்குக்குச் செல்வதைத் தவிர்த்தார். ரிக்லி ஃபீல்டின் வெளிப்புற மலிவு இருக்கைகளில், தாம் நட்ட கொடிகளுக்கு மேலே, பிற இரசிகர்களோடு அமர்ந்து கப்ஸ் ஆட்டங்களைக் கண்டார். 1986 சனவரி 2 அன்று தமது 71 ஆம் அகவையில் சிகாகோவில் காலமானார். எந்த உரிமையாளர்கள் அவரை வெளியேற்ற வாக்களித்தார்களோ அவர்களின் அணிகள் பலவும் அவரது புதுமைகளைப் பின்பற்றின. 1991 இல் தேசிய அடிபந்தாட்டப் புகழவையில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது.