மண்ணீரல் ஒரு ‘ரிசர்வ் டேங்க்’: கண்டுபிடித்த ஜோசப் பார்கிராஃப்ட் யார்?

மண்ணீரல் எதுக்கு இருக்குன்னு 100 வருஷத்துக்கு முன்னாடி டாக்டர்களுக்கே முழுசா தெரியாது. அதற்கு ஒரு பதில் கண்டவர் ஜோசப் பார்கிராஃப்ட். 1872-ல் அயர்லாந்தின் நியூரியில் பிறந்து, கேம்பிரிட்ஜில் உடலியல் ஆய்வாளர் ஆனவர். ஆபத்தான சோதனையா? தன் உடம்பிலேயே செய்து பார்ப்பார். 1920-ல் ஆக்சிஜன் குறைந்த கண்ணாடி அறையில் 6 நாள் தங்கினார்.

அடுத்து பெருவின் மலைகளுக்குக் கப்பலில் போனபோது, வெப்ப மண்டலத்தில் உடலில் ஓடும் ரத்தம் கூடுவதைக் கவனித்தார். இந்தக் கூடுதல் ரத்தம் எங்கிருந்து வருது? தேடல் மண்ணீரலில் முடிந்தது. நாய்கள் ஓடும்போது அது சுருங்கி, சேமித்த சிவப்பணுக்களை ரத்த ஓட்டத்தில் விடுவதைக் காட்டினார்.

1947-ல் அவர் மறைந்தார். மனிதர்களிடம் இந்தச் சேமிப்பு குறைவுதான். ஆனாலும் மூச்சடக்கித் தண்ணீருக்குள் மூழ்கும்போது, நம்ம மண்ணீரலும் சுருங்கி கைகொடுக்குது.