ஒரே விரல்... 4 கம்பி... திருடு போன கிட்டார்! யார் இந்த ஜேம்ஸ் ஜேமர்சன்?

1983 மார்ச் 25. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள பாசடீனா நகரம். மோட்டவுன் இசை நிறுவனத்தின் 25-வது ஆண்டு விழா அங்கே களைகட்டியிருந்தது. மைக்கேல் ஜாக்சன் முதன்முதலாக மேடையில் மூன்வாக் ஆடியது இந்த விழாவில்தான். மார்வின் கே, ஃபோர் டாப்ஸ், டெம்ப்டேஷன்ஸ் என நிறுவனத்தின் பெரிய தலைகள் எல்லாம் மேடையேறினார்கள்.

அதே அரங்கின் மாடி இருக்கை ஒன்றில் 47 வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அன்று மேடையில் பாடப்பட்ட பல பாடல்களின் ஒரிஜினல் ரெக்கார்டிங்கில் பேஸ் கிட்டார் வாசித்தவர் அவர். ஆனால் அவருக்கு அழைப்பு போகவில்லை. பிளாக்கில் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்தார் என்கிறார்கள் அவரது வாழ்க்கையை எழுதியவர்கள். அவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன்.

இன்றைக்கு உலகம் முழுக்க பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் அவர் வைத்திருந்த கிட்டார் என்ன, கம்பி என்ன, ஆம்ப் என்ன என்று தேடித் தேடி வாங்குகிறார்கள். அப்படி என்ன இருந்தது அவரிடம்? பார்க்கலாம்.

பேஸ் கிட்டார் என்ன செய்யும்?

சாதாரண கிட்டாரில் 6 கம்பிகள். பேஸ் கிட்டாரில் பெரும்பாலும் 4 கம்பிகள்தான். ஆனால் தடிமனானவை, சத்தமும் அடியாழத்தில் இருந்து வரும். டிரம்ஸின் தாளத்தையும் பாட்டின் மெட்டையும் சேர்த்துக் கட்டிப்போடுவது இதன் வேலை. கேட்கும்போது பலரும் இதைத் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அதை மட்டும் எடுத்துவிட்டால் பாட்டே வெறுமையாகிவிடும்.

பள்ளியில் தொடங்கிய பயணம்

1936 ஜனவரி 29-ல் தெற்கு கரோலினா மாகாணத்தில் பிறந்தார் ஜேமர்சன். 1954-ல் அம்மாவுடன் டெட்ராய்ட் நகருக்கு குடிபெயர்ந்தார். அங்கே பள்ளியில் படிக்கும்போது கைக்கு வந்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு இருக்கும், நின்றுகொண்டே வாசிக்க வேண்டிய மர வாத்தியம் அது. படிப்பு முடிந்ததும் டெட்ராய்ட்டின் ஜாஸ், ப்ளூஸ் கிளப்புகளில் வாசிக்க ஆரம்பித்தார்.

1959-ல் பெர்ரி கோர்டி அதே ஊரில் ஒரு வீட்டை வாங்கி ஸ்டுடியோவாக மாற்றினார். மோட்டவுன் வளர்ந்தது அந்த வீட்டில்தான். அங்கே நிரந்தரமாக வாசித்த இசைக்குழுவுக்கு ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர். அதன் பேஸ் வாத்தியக்காரர் ஜேமர்சன். டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' பாட்டு தொடங்கியதும் முதலில் கேட்பது அவரது பேஸ்தான். அமெரிக்க பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த 20-க்கும் மேற்பட்ட பாடல்களில் அவர் வாசித்திருக்கிறார்.

ஃபங்க் மெஷின்

1960-களின் தொடக்கத்தில் டபுள் பேஸில் இருந்து எலெக்ட்ரிக் பேஸுக்கு மாறினார் ஜேமர்சன். கருப்பு பெயின்ட் அடித்த 1957 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் அவரது முதல் எலெக்ட்ரிக் பேஸ். அது திருடு போனது. அடுத்து வந்ததுதான் 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன். இதற்கு வைக்கப்பட்ட செல்லப் பெயர் ஃபங்க் மெஷின்.

கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரண மாடல் அது. ஸ்பெஷலாக எதுவும் செய்து வாங்கவில்லை. கம்பிகள் முடியும் இடத்தில் பளபளவென்று ஒரு மூடி, அதற்குள் சின்னதாக ஒரு ஸ்பாஞ்ச். தட்டினால் சத்தம் நீண்டு இழுக்காமல் 'தும்' என்று நிற்கக் காரணம் இந்த ஸ்பாஞ்ச்தான். கிட்டாரின் கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஃபங்க் என்று செதுக்கி, நீல மையில் எழுதி வைத்திருந்தார்.

கம்பியை மாற்றவே மாட்டார்!

பேஸ் பிரியர்கள் வாயைப் பிளப்பது இந்த விஷயத்துக்குத்தான். அவர் போட்டிருந்தது லா பெல்லா கம்பெனியின் தடிமனான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். மேற்புறம் தட்டையாக, வழவழவென்று இருக்கும். அறுந்து போனால் தவிர அவற்றை மாற்ற மாட்டார். கை அழுக்கு, எண்ணெய் எல்லாம் கம்பியில் ஊறிக் கிடந்தால்தான் சத்தம் சரியாக வரும் என்பது அவர் நம்பிக்கை.

அந்தக் கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்தவர்கள் இது நமக்கு ஆகாது என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு கடினம். 1970-களில் ஓர் இசைத் தயாரிப்பாளர், புது மாதிரி கம்பி போட்டால் சத்தம் பளிச்சென்று இருக்குமே என்று கேட்டுப் பார்த்தார். ஜேமர்சன் தன்மையாக மறுத்துவிட்டார்.

ஆம்ப் என்ன?

கிளப்புகளில் அவர் பயன்படுத்தியது ஆம்பெக் பி-15. ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். வேலை முடிந்ததும் மேலே இருக்கும் ஆம்ப் பகுதியை அப்படியே கவிழ்த்து பெட்டிக்குள் வைத்து மூடிவிடலாம். இன்றும் பழைய பி-15 கிடைத்தால் விடமாட்டார்கள் ரசிகர்கள்.

ஆனால் இதில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது. ஸ்டுடியோவில் பெரும்பாலும் அவர் ஆம்ப் பயன்படுத்தவே இல்லை. கிட்டாரை நேராக ரெக்கார்டிங் கன்சோலில் செருகித்தான் வாசித்தார். புகழ்பெற்ற பாடல்களில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்த சத்தம்தான்.

ஒரே விரல்

அப்போ ரகசியம் எங்கே? கையில். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே கம்பியை இழுத்து வாசித்தார். இந்த விரலுக்கு தி ஹூக், அதாவது கொக்கி என்றே பட்டப்பெயர். டபுள் பேஸில் பழகிய பழக்கத்தை அவர் விடவே இல்லை. மற்றவர்கள் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப தட்டிக்கொண்டிருந்த காலத்தில், பேஸையே தனி மெட்டாக ஓடவிட்டார். ஃபோர் டாப்ஸ் பாடிய 'பெர்னடெட்' பாட்டைக் கேட்டால் இது புரியும்.

1970-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டுக்கு கிளப்பில் இருந்து அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். போதையில் உட்காரக்கூட முடியாமல் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்தார் என்று சொல்லப்படுகிறது. வேடிக்கையாகச் சொல்லப்படும் கதைதான். ஆனால் அந்தக் குடிதான் பின்னாளில் அவர் உயிரையும் குடித்தது.

வராத பெயர்

இத்தனை ஹிட் கொடுத்தும் 1960-களில் வந்த மோட்டவுன் ரெக்கார்டு அட்டைகளில் வாத்தியக்காரர்கள் பெயரே வராது. 1971-ல் வெளியான 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் முதன்முதலாக அவர்கள் பெயர் அச்சானது.

1972-ல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாறியது. ஜேமர்சனும் அங்கே போனார். சில காலத்திலேயே மோட்டவுனுடனான தொடர்பு முடிந்தது. இசையின் டிரெண்ட் மாறியது, வாய்ப்புகள் குறைந்தன, குடி கூடியது. அந்த நிலையில்தான் 1983-ல் டிக்கெட் வாங்கி விழாவுக்குப் போனார். அன்று மேடையில் மார்வின் கே பாடியது வேறெதுவும் இல்லை, 'வாட்ஸ் கோயிங் ஆன்'.

அடுத்த சில மாதங்களில் ஃபங்க் மெஷின் திருடு போனது. அதற்குப் பிறகு சில நாட்களில், 1983 ஆகஸ்ட் 2-ம் தேதி, ஜேமர்சன் இறந்தார். கல்லீரல் பாதிப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா என எல்லாம் சேர்ந்துகொண்டது. வயது 47.

பிறகு என்ன ஆனது?

1989-ல் அவரது வாழ்க்கையும் வாசிப்பும் புத்தகமாக வந்தது. 2000-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், பின்னணி வாத்தியக்காரர்களுக்கான பிரிவை முதன்முறையாகத் தொடங்கியபோது ஜேமர்சனையும் சேர்த்தது. 2002-ல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படம் வெளியானது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தன் பேஸ் வாசிப்பை பாதித்தவராகச் சொல்வதும் இவரைத்தான்.

அவர் போட்ட அதே கனத்தில் லா பெல்லா கம்பி இன்றும் விற்பனைக்கு இருக்கிறது. பிரிசிஷன் பேஸ் கடையில் கிடைக்கிறது. ஸ்பாஞ்ச் எங்கேயும் கிடைக்கும். பணம் இருந்தால் அவர் வைத்திருந்த எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிடலாம். ஆனால் அந்த ஒற்றை விரல் விற்பனைக்கு இல்லை.

ஃபங்க் மெஷினும் இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் மதிப்பு தெரியாமலே யாரோ ஒருவர் வீட்டு மூலையில் அது சாய்ந்து கிடக்கலாம். அடுத்த முறை 'மை கேர்ள்' எங்கேயாவது ஒலித்தால், குரல் வருவதற்கு முன் கேட்கும் அந்த முதல் சில நொடிகளை மட்டும் கவனியுங்கள். அதுதான் ஜேம்ஸ் ஜேமர்சன்.