மலையருவி மீனும் மேதை ஹோராவும்

அகத்தியர் மலையின் அடிவாரத்திலே, திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையிலே, போனக்காடு என்றொரு தேயிலைத் தோட்டம் உண்டு. அங்கே ஒரு லயத்திலே பிறந்தவன் நான். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கவ்வாத்து வெட்ட மலையேறியவர். மழைக்காலத்தில் எங்கள் ஓடை ஆளையே இழுத்துவிடும். அந்த வெள்ளத்திலும் விரல் நீள மீனொன்று பாறையை விட்டு அசையாது. அதைக் கல்லொட்டி என்போம். அது எப்படி ஒட்டுகிறது என்று ஆச்சியைக் கேட்டேன். போக வேறு இடமில்லாத மீன் ஒட்டத்தானே செய்யும் என்றாள் ஆச்சி.

அந்தக் கேள்விக்கு விடை காண வாழ்நாளையே தந்த ஒருவர் இருந்தார் என்பதைப் பல்கலைக் கழகம் வந்த பிறகே அறிந்தேன். அவர்தாம் சுந்தர் லால் ஹோரா. விலங்கியல் மாணவர் அனைவரும் அறிந்த பெயர். பிற துறை நண்பர்களும் அறியவேண்டும் என்பதே என் ஆசை.

ஹோரா 1896-இல் பஞ்சாபிலுள்ள ஹபீசாபாத்தில் பிறந்தார். லாகூரில் விலங்கியல் பயின்றார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான நெல்சன் அனந்தேல் 1919-இல் லாகூருக்கு வந்தபோது இந்த இளைஞரின் திறமையைக் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டார். அன்று தொடங்கிய மீன் ஆராய்ச்சி அவர் இறக்கும்வரை ஓயவில்லை.

அந்நாளில் மீன் ஆராய்ச்சி என்றால் என்ன? சாராயப் புட்டியிலிருந்து மீனை எடுப்பது, செதிள்களை எண்ணுவது, துடுப்பின் முட்களை எண்ணுவது, பெயர் சூட்டுவது. ஹோராவும் எண்ணினார், ஆனால் எண்ணுவதோடு நிற்கவில்லை. இந்த முள் ஏன் தடித்தது, இங்கே செதிள் ஏன் இல்லை என்று கேட்டார். விடை தேடிக் காசி மலையின் ஓடைகளில் இறங்கினார். நீரோட்டத்தையும் பாறையையும் மீனையும் ஒருங்கே பார்த்தார்.

அவர் கண்டது என்ன? கல்லொட்டி இனங்கள் பலவற்றில் வயிறு தட்டையாக இருக்கும். மார்பிலும் வயிற்றிலும் செதிள் குறைந்திருக்கும் அல்லது இராது. ‘பாலிடோரா’ போன்ற மீன்களில் இணைத் துடுப்புகள் விசிறிபோல் பக்கவாட்டில் விரிந்திருக்கும். அவற்றின் வெளிமுட்கள் கிளைக்காமல் தடித்து, அடியிலே தோல் மெத்தை பெற்றிருக்கும். மிதப்பதற்கு உதவும் காற்றுப்பை சுருங்கி எலும்புக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். அடித்தரையில் வாழும் மீனுக்கு மிதப்பு எதற்கு? ஒட்டும் தோலை நுண்பெருக்கியில் வைத்தால் வேறொரு வியப்பு காத்திருக்கிறது. மேல்தோலின் உயிரணுக்களிலிருந்து கொம்புப் பொருளாலான நுண்முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் உயிரணுவுக்கு ஒரு முள்! அவை பாறையின் சொரசொரப்பைப் பற்றிக்கொள்கின்றன. டைசன் ராபர்ட்ஸ் என்பவர் 1982-இல் இம்முட்களுக்கு ‘அன்கியூலி’ என்று பெயரிட்டார். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1922-இல், மலையோடை மீன்களின் உடல் மாற்றங்களைப் பற்றி ஹோரா விரிவாக எழுதிவிட்டார். 1930-இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஆய்வேட்டில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை உலகின் கண்ணை நம் ஓடைகளின்மேல் திருப்பியது.

தென்னாட்டையும் அவர் மறக்கவில்லை. நம் பவானி ஆற்றின் பெயரால் 1920-இல் ‘பவானியா’ என்ற பேரினத்தை அமைத்தார். ஏலமலைப் பாம்பாடும்பாறை ஓடையில் கிடைத்த மீனுக்கு 1941-இல் ‘திருவாங்கூரியா’ என்று பெயரிட்டார்.

அசாமிலும் மலாயாவிலும் உள்ள மீன்களின் உறவினம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு எப்படி வந்தது? இடையிலுள்ள நாட்டில் அவை இல்லையே! விந்திய சாத்பூரா மலைகள் முன்பு உயர்ந்தும் மழை மிகுந்தும் இருந்தன. அவ்வழியே மீன்கள் ஓடை ஓடையாகப் பரவின என்றார் ஹோரா. இதுவே சாத்பூராக் கொள்கை. இதனைப் பின்வந்தோர் பலர் ஐயுற்றனர். ஒரே வேகத்தில் ஓடும் நீர், உறவில்லாத மீன்களையும் ஒரே வடிவில் செதுக்கிவிடக்கூடுமே என்பது அவர்கள் வாதங்களுள் ஒன்று. கொள்கை ஆட்டங் கண்டாலும், அது எழுப்பிய கேள்வி இன்றும் ஆய்வாளரை உழைக்க வைக்கிறது.

1947-இல் ஹோரா ஆய்வகத்தின் இயக்குநரானார். அதே ஆண்டில் அவர் பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குள் போய்விட்டது. இடம்பெயர்ந்த மீன்களை ஆராய்ந்தவருக்குத் திரும்பிச் செல்ல ஊரில்லை! ஆயினும் அவர் பணி தளரவில்லை. சுசுருதரின் நூலிலும், அசோகரின் கல்வெட்டிலும், சோமேசுவர மன்னனின் ‘மானசோல்லாச’த்திலும் பழையோர் கண்ட மீனறிவைத் தேடித் தொகுத்தார். 1955 டிசம்பரில் மறைந்தார்.

நண்பர்களே! வடமொழி நூல்களுக்கு ஹோரா செய்ததைத் தமிழுக்குச் செய்வது யார்? கயலும் அயிரையும் வாளையும் வராலும் நம் சங்கப் பாட்டிலே துள்ளுகின்றன. லயத்துப் பிள்ளைகளிடம் இன்னும் எத்தனையோ மீன்பெயர்கள் உள்ளன. வேலை குறைந்து போனக்காட்டுக் குடும்பங்கள் பல மலையிறங்கிவிட்டன. அவர்களோடு அப்பெயர்களும் இறங்கிப் போகின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும் கொண்டுசெல்லுங்கள்.

ஆச்சிக்கு இப்போது நான் மறுமொழி சொல்வேன். போக்கிடம் இல்லாததால் அந்த மீன் ஒட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் முட்களை அந்த ஓடையிலேயே வளர்த்துக்கொண்டது, ஆதலால் நிற்கிறது.