திரு.வி.க.வும் ஆலைத் தொழிலாளர் உடல்நலமும்: சென்னைத் தொழிலாளர் சங்கப் பணியை முன்வைத்து

திருவாரூர் விருத்தாசலக் கலியாணசுந்தரனார் (1883–1953) குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இரு கூறாகப் பிரிந்தே நடந்துவந்துள்ளன. தமிழ்த்துறை ஆய்வாளர் அவரை உரைநடையாசிரியராகவும் சைவ அறிஞராகவும் இதழாசிரியராகவும் காண்பர். தொழிலாளர் வரலாறு எழுதுவோர்க்கு அவர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் துணைத்தலைவர், பின்னாளில் தலைவர். இவ்விரு கூற்றையும் இணைக்கும் இழையொன்று உண்டு. அது உடல். உழைக்கும் மனிதனின் உடல் என்ன உண்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எத்தகைய காற்றை உள்ளிழுக்கிறது என்னும் வினாக்களே அவர் ஈடுபட்ட சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளாயின. கூலி உயர்வு அங்கே முதற்பேச்சாக எழவில்லை. இக்கட்டுரை அவர் வாழ்வை அவ்விழையின் வழியே நோக்குகிறது.

செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் விருத்தாசல முதலியாருக்கும் சின்னம்மையாருக்கும் அவர் பிறந்தார். குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தபின் வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார். பள்ளிப் பருவத்திலேயே உட்கொண்ட மருந்து கேடாக முடிந்து கைகால்கள் முடங்கின. சில ஆண்டுகள் படிப்புத் தடைப்பட்டது. பிற ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியை ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுவர். நடக்கவும் எழுதவும் இயலாத சிறுவனாகச் சில ஆண்டுகளைக் கழித்த ஒருவர், பின்னர் உடல் நைந்த மனிதர்களின் சங்கத்திற்கு முப்பத்து நான்கு வயதில் வந்து சேர்ந்தார் என்பது கருதத்தக்கது. ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் என்று நிறுவச் சான்றில்லை. ஆயினும் தம் வாழ்க்கை வரலாற்றில் உடல்நலத்திற்கு அவர் தரும் இடம் தற்செயலானதன்று.

யாழ்ப்பாணம் நா. கதிரைவேற் பிள்ளையிடம் தமிழ் பயின்றமையும், அருட்பா–மருட்பா வழக்கில் ஆசிரியருக்காக நீதிமன்றம் சென்று பள்ளித் தேர்வை இழந்தமையும் பலரும் அறிந்தவை. கதிரைவேற் பிள்ளையின் மறைவுக்குப்பின் மயிலைத் தணிகாசல முதலியாரிடம் கற்றார். ஸ்பென்சர் நிறுவனத்தில் எழுத்தராகச் சிலகாலம் இருந்து, நாட்டுப்பற்றின் காரணமாக அதைத் துறந்தார். பின்பு வெஸ்லி பள்ளி ஆசிரியர், வெஸ்லி கல்லூரித் தமிழாசிரியர் என்னும் பணிகளை ஆற்றினார். 1917இல் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றபோது வகுப்பறை முடிந்து மேடை தொடங்கியது.

அம்மேடைகளுள் ஒன்று பெரம்பூரில் இருந்தது. பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் தொடங்கப்பெற்றவை. பின்னி நிறுவனத்தின் பொறுப்பில் இயங்கிய இவ்விரு ஆலைகளிலும் 1918 அளவில் ஏறத்தாழப் பத்தாயிரவர் வேலை செய்தனர். பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி, சூளை ஆகிய பகுதிகளில் அவர்கள் குடியிருந்தனர். விடியுமுன் சங்கொலி கேட்டு எழுந்து, பொழுது சாயும்வரை ஆலைக்குள் நிற்க வேண்டும். 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் வளர்ந்த ஆடவரின் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணிநேரம் என வரையறுத்திருந்தது. நடுவில் அரைமணி நேர ஓய்வு கட்டாயம். சட்டத்தின் எழுத்துப்படி ஆலை குற்றமற்றது.

அவ்வரைமணியை அளந்து பார்க்க வேண்டும். நெசவுக்கூடத்திலிருந்து வெளியேறுதல், நெரிசலில் வாயிலைக் கடத்தல், பஞ்சுத்தூசி படிந்த கையையும் முகத்தையும் கழுவுதல், வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தேடிப் பெறுதல், அமர நிழல் காணல், உண்ணல், மீண்டும் சங்கொலிக்குமுன் உள்ளே நுழைதல் எனும் இவையனைத்தும் முப்பது நிமிடத்திற்குள் அடங்க வேண்டும். காலந்தாழ்ந்தால் கூலி குறையும். ஆகவே சோறு மெல்லப்படுவதில்லை, விழுங்கப்படும். ஆலைக்குள்ளோ நூல் அறாதிருக்கக் காற்றில் ஈரம் வேண்டும். அவ்வீரம் நூலுக்கு நன்மை, மனிதனுக்குப் புழுக்கம். பஞ்சுப் பகுதியில் தூசி மூச்சோடு கலக்கும். தறியோசை செவியை மந்தமாக்கும். இவற்றுள் எதற்கும் அன்று தொழில்நோய் என்ற பெயர் நம் வழக்கில் இல்லை. இருமலையும் நெஞ்சிறுக்கத்தையும் தொழிலாளி தன் தலைவிதியாகவே கொண்டான்.

ஆலையருகே கடை நடத்திய கோ. செல்வபதி செட்டியாரும் க. இராமானுஜலு நாயுடுவும் இக்குறைகளை நாள்தோறும் செவிமடுத்தவர்கள். பெரம்பூரில் அவர்கள் நடத்திய வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபையில் சமயச் சொற்பொழிவு கேட்க வந்த கூட்டத்தில் ஆலைத் தொழிலாளர் பலர். சங்கத்தின் விதை அரசியல் மன்றத்திலன்றிப் பக்திச் சபையில் விழுந்தது என்பதைத் தமிழாய்வாளர் மனங்கொள்ள வேண்டும். இருவரும் அன்னி பெசண்டு அம்மையாரின் 'நியூ இந்தியா' அலுவலகத்தை நாடியபோது பி.பி. வாடியாவைச் சந்தித்தனர். பம்பாய்ப் பார்சியரான வாடியா நேரில் வந்து ஆலைவாயிலில் உணவு வேளையைக் கண்டார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவரானார்.

சங்கம் முதலில் வேண்டியவற்றுள் உணவு இடைவேளை நீட்டிப்பு தலையாயது. முப்பது நிமிடம் நாற்பதாயிற்று. பத்து நிமிடந்தானே என்று இன்று தோன்றலாம். தொழிலாளர் ஒன்றுகூடிக் கேட்டுப் பெற்ற முதற்பொருள் அது; அவ்வகையில் அதன் எடை பெரிது. விலைவாசி ஏறியிருந்த அவ்வாண்டில் சங்கம் மலிவு விலையில் அரிசி வழங்கும் கடையையும் நடத்தியது. மேற்பார்வையாளர் தொழிலாளியை அடிப்பதும் வைவதும் நிற்க வேண்டும் என்பது மற்றொரு கோரிக்கை. நேரம், உணவு, அடிபடாமை ஆகிய மூன்றும் உடலைச் சார்ந்தவை.

இங்கே திரு.வி.க.வின் தமிழ் செய்த பணி தனித்து நோக்கத்தக்கது. வாடியா ஆங்கிலத்தில் பேசினார். அப்பேச்சு மொழிபெயர்க்கப்பட்டே தொழிலாளரை எட்டியது. திரு.வி.க.வோ அவர்கள் மொழியிலேயே பேசினார். அதுவும் வடசொற் செறிவும் ஆங்கிலக் கலப்பும் மிகுந்திருந்த அக்கால மேடைநடையை நீக்கி, சிறுசிறு வாக்கியங்களில் பேசினார். நூலறிந்தோர்க்கு உரியதாயிருந்த செந்தமிழை எழுத்தறியாத் தொழிலாளர் கூட்டம் மணிக்கணக்கில் அமர்ந்து கேட்டது. சைவ மரபில் உடம்பு இறைவன் உறையும் கோயில். திருமூலர் நெறியில் தோய்ந்த அவருக்கு உடம்பை இகழும் துறவு உடன்பாடன்று. உடலைப் பேணுதல் அறமெனக் கருதிய ஒரு மரபை ஆலைத் தொழிலாளியின் உடலுக்கும் உரியதாக்கியமையே அவருடைய தனிப்பங்களிப்பு. பின்னாளில் மார்க்சியமும் சன்மார்க்கமும் ஒன்றையொன்று நிறைவு செய்வன என அவர் வாதிட்டதற்கும் இதுவே அடிப்படை.

அவ்வாண்டு அவர் இல்லத்தில் துயர் நிறைந்தது. 1912இல் மணந்த கமலாம்பிகை அம்மையார் 1918 செப்டம்பரில் மறைந்தார். பிறந்த இரு மகவும் முன்னரே இறந்திருந்தன. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1919இல் வாஷிங்டனில் கூடிய முதலாவது பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு இந்தியாவுக்கு வாரம் அறுபது மணிநேரம் என்னும் வரம்பை ஏற்றது. 1922ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அதை நடைமுறைக்குக் கொணர்ந்து, நாளுக்குப் பதினொரு மணிநேரம் என்றும், ஆறு மணிநேர வேலைக்குப்பின் ஒரு மணிநேர ஓய்வு என்றும் விதித்தது. பெரம்பூரில் பத்து நிமிடத்திற்கு நடந்த போராட்டத்தை இவ்விதியின் ஒரே காரணமாகக் கூறுதல் மிகை. ஆயினும் அத்தகைய போராட்டங்களின்றி இவ்விதி தோன்றியிராது.

இடையில் சங்கம் நிலைகுலைந்தது. 1920 இறுதியில் கதவடைப்பும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. வேலையை விட்டு நீங்குமாறு தூண்டியதாகப் பின்னி நிறுவனம் தலைவர்கள்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து தடையாணை பெற்றது. சங்கத்திற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத காலம் அது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு இவ்வழக்கே தூண்டுகோலாயிற்று. உடன்பாட்டின்படி வாடியா விலக, 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் சுமை பெரிதும் திரு.வி.க.வின் தோளில் விழுந்தது. ஆளுநர் வில்லிங்டன் அவரை அழைத்து நாடுகடத்தப் போவதாக எச்சரித்தார்.

அவ்வேலைநிறுத்தமே அவர் வாழ்வின் மிகக் கடினமான பகுதி. அதை மறைத்து எழுதும் வரலாறு நேர்மையானதன்று. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைநிறுத்தத்தில் தொடரவில்லை. அவர்கள் கடனும் வறுமையும் ஏனையோரினும் மிக்கவை. சங்கத் தலைமையில் அவர்களுக்கு உரிய இடமும் இல்லை. சாதியும் வேலைநிறுத்தமும் பின்னிப் பிணைந்து புளியந்தோப்பில் கலவரமாயிற்று. சேரிக் குடிசைகள் எரிந்தன. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. தொழிலாளியின் உடலைக் காக்க எழுந்த சங்கம் சேரியில் வாழ்ந்த தொழிலாளியின் உடலையும் உறையுளையும் காக்க இயலாது போயிற்று. ஒற்றுமையை வற்புறுத்தி அவர் பேசியதும் எழுதியதும் உண்மை. ஆனால் சமரசம் என்னும் அவருடைய கருத்தாக்கம், ஒரே ஆலைக்குள் இருந்த ஏற்றத்தாழ்வைப் பேச்சால் தீர்க்கலாம் என்று நம்பியது. அந்நம்பிக்கைக்குக் கிடைத்த அடி இது. 1925இல் காஞ்சிபுரத்தில் காங்கிரசு மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்க, வகுப்புவாரித் தீர்மானம் மறுக்கப்பட்டுப் பெரியார் வெளியேறிய நிகழ்ச்சியிலும் இதே வரம்பைக் காணலாம்.

வேலைநிறுத்தம் 1921 அக்டோபரில் தோல்வியில் முடிந்தது. அதன்பின் ஆலை நிருவாகம் தொழிலாளர் நலக்குழு ஒன்றை அமைத்தது. பின்னி ஆலைகள் பள்ளியும் மருத்துவ உதவியும் குடியிருப்பும் அளித்து, நாட்டில் முன்மாதிரி நிறுவனம் எனப் பெயர் பெற்றன. இப்பெயர் பொய்யன்று, உண்மையிலேயே பல தொழிலாளர் அவற்றால் பயனடைந்தனர். நலம் கிடைத்ததா என்பதோடு வினா முடிவதில்லை. அது எவர் கையிலிருந்து எவ்வுரிமையால் கிடைத்தது என்பதும் வினாவே. முதலாளி மனமுவந்து கொடுத்தது மனம் மாறினால் நிற்கும். திரு.வி.க. 'நவசக்தி'யில் தொழிலாளர் பொருட்டு இடைவிடாது எழுதியபோது இவ்வேறுபாட்டையே பல வகையில் விளக்கினார். கோரிப் பெறுதலுக்கும் இரந்து பெறுதலுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருப்பதை அவர் நன்கறிந்தவர்.

1944இல் 'வாழ்க்கைக் குறிப்புகள்' வெளிவந்தது. அந்நூல் தன் ஆசிரியரைப் பற்றிக் கூறுவதைவிடச் சென்னைத் தொழிலாளரைப் பற்றிக் கூறுவது சில இடங்களில் மிகுதி. 1947இல் அதே ஆலைகளில் மீண்டும் நெடிய வேலைநிறுத்தம் எழுந்தது. அறுபத்து மூன்று வயதான திரு.வி.க. வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். வைத்தது அயலார் ஆட்சி அன்று. அவர் தம் இளமையை ஈந்து வளர்த்த காங்கிரசின் அமைச்சரவை.

மறு ஆண்டு நடுவண் அரசு புதிய தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றியது. அது 1949 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வாரத்திற்கு 48 மணிநேரம், நாளுக்கு ஒன்பது மணிநேரம், ஐந்து மணிநேரத்திற்கு ஒருமுறை அரைமணி ஓய்வு, தூசியையும் புகையையும் அகற்றல், செயற்கை ஈரத்திற்கு வரம்பு, குடிநீர், கழிப்பிடம், இயந்திரங்களுக்குக் காப்புவேலி ஆகியன அதில் இடம்பெற்றன. 150 பேருக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் அமர்ந்துண்ண உணவறை வேண்டும் என்றும் 250 பேருக்கு மேலாயின் சிற்றுண்டிச்சாலை நடத்தச் செய்யலாம் என்றும் அச்சட்டம் கூறியது. ஆலைவாயிலில் நிழல்தேடி நின்று உண்டவர்கள் கேட்டது முப்பதாண்டு கழித்துச் சட்டப் பிரிவாயிற்று.

அந்நாளில் திரு.வி.க.வின் கண்ணொளி குன்றியிருந்தது. பிறர் எழுத, சொல்லிச் சொல்லியே நூல்கள் இயற்றினார். 'இருளில் ஒளி', 'படுக்கைப் பிதற்றல்' ஆகியன அக்காலத்தவை. இளமையில் முடங்கிய உடல் முதுமையில் மீண்டும் முடங்கிற்று. தமக்கெனச் சொந்த வீடோ செல்வமோ சேர்த்துக்கொள்ளவில்லை. 1953 செப்டம்பர் 17 அன்று காலமானார்.