எலைசா அக்னியூ அம்மையார்: நோயும் ஜெபமும்

உடுவிலில் படித்து வெளியேறிய எவருக்கும் அக்னியூ அம்மையாரின் பெயர் புதிதன்று. அவருடைய நாற்பது ஆண்டுச் சேவையையும், ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவருக்கு வழங்கிய பெயரையும் பரிசளிப்பு விழா உரைகளில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நோயும் மரணமும் வாசலில் வந்து நின்ற வேளைகளில் அவரும் அவருடைய மாணவிகளும் எதை நம்பினார்கள், எதை வேண்டி முழந்தாளிட்டார்கள் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. இன்று யாழ்ப்பாணத்துச் சந்திகளிலெல்லாம் சுகமளிக்கும் கூட்டங்களுக்கான சுவரொட்டிகளைக் காண்கிறோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் நம் சகோதரிகள், நோயுற்ற ஒருவருக்காக ஜெபிக்கும்படி நள்ளிரவிலும் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். ஆகவே இம்மலரில் அம்மையாரின் வாழ்வை அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

எலைசா அக்னியூ 1807ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் பிறந்தார். எட்டு வயதில், வகுப்பில் பூமிசாத்திரப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, சுவிசேஷம் எட்டாத தேசங்களை ஆசிரியை வரைபடத்தில் சுட்டிக்காட்டினாராம். கடவுள் சித்தமானால் தானும் ஒரு நாள் மிசனரியாகப் போவேன் என்று அந்தச் சிறுமி அன்றே உறுதி செய்துகொண்டாள். ஆனால் உடனே புறப்பட முடியவில்லை. பராமரிப்பு வேண்டியிருந்த நெருங்கிய உறவினர் வீட்டில் இருந்தார்கள். முப்பது வயது வரை அவர்களோடு இருந்து, அவர்கள் ஒவ்வொருவராகக் கண்மூடிய பின்னரே அவர் விடுபட்டார்.

பலர் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தப் பகுதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நோயாளிகளின் கட்டிலருகே இளமையைக் கழித்த ஒரு பெண் அவர்களுக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பாள்? ஆயினும் அவர்கள் போய்விட்டார்கள். அதன் பின்னரும் அவருடைய விசுவாசம் தளரவில்லை. கப்பலேறி, 1840ஆம் ஆண்டு தை மாதத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அவர் வந்து சேர்ந்த அமெரிக்க மிசனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அந்தக் குறுகிய காலத்திலேயே அதற்குக் கல்லறைகள் பல சேர்ந்துவிட்டன. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1833இல் மறைந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய தங்கைமாரும் இதே மிசனுக்கு வந்தவர்களே. அவர்களுள் ஒருவரும் அவருடைய கணவரான பெரி போதகரும் 1837இல் சில நாள் இடைவெளியில் கொலராவுக்குப் பலியாயினர். இவர்களுக்காக யாரும் ஜெபிக்கவில்லை என்றோ, ஜெபித்தவர்களின் விசுவாசம் போதவில்லை என்றோ சொல்ல யாருக்குத் துணிவு வரும்? வின்ஸ்லோ அம்மையாருக்குப் பின் உடுவிலைப் பொறுப்பேற்றிருந்த ஸ்போல்டிங் போதகரும் அவருடைய மனைவியாரும் இந்த இழப்புகளையெல்லாம் கண்டவர்கள். அவர்களோடுதான் அக்னியூ அம்மையார் பணியைத் தொடங்கினார்.

இனி, விடுதிக்கு வந்த பிள்ளைகளின் வீடுகளைப் பார்ப்போம். காய்ச்சல் என்றால் பரியாரி வருவார், கைநாடி பார்ப்பார், குடிநீர் சொல்வார். பிள்ளை அலறி எழுந்தால் பார்வை பார்ப்பார்கள், நூல் கட்டுவார்கள், திருநீறு போடுவார்கள். அம்மை வந்தால் அது நோயன்று, அம்மாளின் வரவு. வேப்பிலை கட்டி, வீட்டைச் சுத்தமாக வைத்து, பொங்கலுக்கு நேர்ந்துகொள்வார்கள். இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் ஒதுக்கிய அக்கால மிசன் எழுத்துக்களோடு எனக்கு முழு உடன்பாடில்லை. பரியாரிமாரின் மூலிகை அறிவு சிறிதன்று. நேர்த்திக்கடன் வைத்த தாயின் கண்ணீரும் ஜெபமே.

ஆனால் கிறிஸ்தவளாகிய ஒரு பெண்ணுக்கு இதனால் வந்த சோதனையை நாம் இன்று எளிதில் விளங்கிக்கொள்வதில்லை. உடுவிலில் படித்து, ஞானஸ்நானம் பெற்று, மணமாகி ஊருக்குப் போகிறாள். முதற் பிள்ளைக்குக் காய்ச்சல் காய்கிறது. மாமியாரும் மச்சாள்மாரும் சூழ நின்று, நேர்த்தியைக் கைவிட்டதால் வந்த வினை என்கிறார்கள். நூலும் கட்டவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. அவள் கையில் மிஞ்சியிருப்பது ஜெபம் ஒன்றே. பிள்ளை பிழைத்தால் அவளுடைய ஆண்டவர் பெரியவர். பிழைக்காவிட்டால்? நம் பூட்டிமார் பலர் இந்தக் கேள்விக்கு முன் தனியே நின்றவர்கள். பரீட்சைகளில் இல்லாத கேள்வி இது. இதற்குரிய ஆயத்தத்தைப் பாடப்புத்தகத்தால் மட்டும் கொடுக்க முடியாது.

அந்தப் பெண் தனித்துப் போகாதபடி அம்மையார் செய்த காரியம் மிக எளியது: அவளைத் தேடிப் போனார். விடுமுறை வந்தால் ஊர் ஊராகச் சென்று பழைய மாணவிகளை அவர்களுடைய வீடுகளிலேயே சந்திப்பது அவருடைய வழக்கம். படித்து முடித்துப் போனவள் போனவள்தான் என்று அவர் விட்டுவிடவில்லை. தாய்நாட்டுக்கு ஓய்வுக்காகப் போகவில்லையா என்று கேட்டவர்களுக்கு, நேரமில்லை, வேலை இருக்கிறது என்பதே அவருடைய பதில். நாற்பது ஆண்டுக்கு மேலாக ஒரு முறையேனும் அமெரிக்கா திரும்பாதவர் அவர். முதல் மாணவிகளின் பிள்ளைகளுக்கும், சிலருடைய பேரப்பிள்ளைகளுக்கும்கூட அவரே கற்பித்தார். அவரிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல் என்றும், அவர்களுள் 600 பேருக்கு மேல் கிறிஸ்தவர்களாக வெளியேறினார்கள் என்றும் மிசனார் கணக்கிட்டார்கள். அக்காலப் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களைச் சூட்டிய வழக்கத்தை இன்று நினைத்தால் சற்று உறுத்துகிறது. அம்மையாரும் அந்தக் காலத்தவர்தான். எனினும் அந்தப் புதிய பெயர்களுக்குப் பின்னால் இருந்த முகங்களை அவர் மறக்கவில்லை.

ஜெபம் ஒருபுறமிருக்க, மருந்தை மிசனார் எவ்வாறு நோக்கினர் என்பதையும் சொல்லவேண்டும். 1820ஆம் ஆண்டளவில் பண்டத்தரிப்பில் ஸ்கடர் வைத்தியர் பணி தொடங்கியதிலிருந்தே அவர்கள் மருந்தை விசுவாசத்துக்கு எதிரியாக எண்ணவில்லை. 1847இல் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர் மானிப்பாயில் அமைத்த வைத்தியசாலை உடுவிலுக்கு அயலிலேயே இருந்தது. அங்கே வேதவாசிப்பும் ஜெபமும் அன்றாட வழக்கம். அவற்றோடு மருந்தும் கத்தியும். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தவர் அவர். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்கள் அவருடைய முயற்சியால் நம் மொழிக்கு வந்தன. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று குடாநாடெங்கும் பரவினார்கள். 1866, 1867ஆம் ஆண்டுகளில் கொலரா யாழ்ப்பாணத்தை உலுப்பியபோது, அவ்வாறு பயின்றவர்கள் இருந்தது நாட்டுக்குக் கிடைத்த பேறு. கிறீன் தம் கல்லறையில் தம்மைத் தமிழருக்கான மருத்துவச் சுவிசேஷகர் என்றே பொறிக்கச் செய்தார். வைத்தியர், சுவிசேஷகர் என்ற இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

நோயுற்றவன் சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்று யாக்கோபு எழுதியது அவர்களுக்குத் தெரியாததன்று. கடவுள் சுகமளிக்கிறார் என்பதில் அவர்களுக்கு ஐயமும் இருக்கவில்லை. சுகம் கேட்பது பிள்ளையின் உரிமை, கொடுக்கும் விதமும் வேளையும் தகப்பனுடையவை என்பதே அவர்கள் நின்ற நிலை. இதைச் சொல்வது எளிது. கட்டிலருகே நின்று சொல்வதுதான் கடினம்.

அம்மையாருக்கும் அந்த வேளை வந்தது. 1879இல் அவர் பாடசாலைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். மேரி, மார்கரெற் லீச் என்ற இரு சகோதரிகள் அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்து மானிப்பாயில் பணி செய்யத் தொடங்கியிருந்தார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளையும் அம்மையார் அவர்களுடைய வீட்டிலேயே கழித்தார். தம் மரணத்தைப் பற்றி அவருக்கு ஓர் அச்சம் இருந்தது. இறுதி வேளையில் கடும் வேதனை அனுபவிக்க நேரிடுமோ என்று அஞ்சினார். நாற்பது ஆண்டு பிறருக்குத் தைரியம் சொன்னவர், தம் அச்சத்தை மறைக்காமல் தம்மைச் சூழ்ந்தவர்களிடம் சொன்னார். அதனாலேயே அவர் எனக்கு இன்னும் நெருக்கமாகிறார்.

1883ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் முடிவு நெருங்கியது. அருகிலிருந்த ஒரு மிசனரி ஜெபிக்கட்டுமா என்று கேட்டார். அம்மையார் ஆவலோடு இசைந்தார். விசேஷமாக எதற்காக ஜெபிக்கவேண்டும் என்று அவர் மீண்டும் கேட்டார். எழுபத்தாறு வயதில், மூச்சு முடியும் தறுவாயில் கிடந்தவர் தம் சுகத்தையும் கேட்கவில்லை, ஆயுளையும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் கிறிஸ்துவிடம் வரவேண்டும், அதற்காக ஜெபியுங்கள் என்றார்.

அதே வேளையில் செய்தி உடுவிலுக்கு எட்டியிருந்தது. அவர் நாற்பது ஆண்டு கற்பித்த பாடசாலையில் பிள்ளைகள் ஜெபிக்கக் கூடினார்கள். ஊர்களிலும் கிறிஸ்தவர்கள் சிறு சிறு கூட்டமாக முழந்தாளிட்டார்கள். அந்த ஜெபத்தின் பொருள் நம் காதுக்குச் சற்று வியப்பாகவே இருக்கும். அம்மாவை எழுப்பித் தாரும் என்று அவர்கள் மன்றாடவில்லை. அம்மாவுக்கு இலகுவான பிரயாணத்தைத் தாரும் என்றே கேட்டார்கள். அவருடைய அச்சத்தை அறிந்து, அதற்கு ஏற்றதையே கேட்ட பிள்ளைகள் அவர்கள். அம்மையார் வேதனையின்றி, இனிய உறக்கத்தில் ஆழ்பவரைப்போல் அடங்கிப்போனார். கேட்டது கிடைத்தது என்று அவருடைய மாணவிகள் நம்பினார்கள். இதைச் சுகமளித்தல் என்று சொல்லலாமா? நான் சொல்வேன். பலர் ஒப்பமாட்டார்கள்.

அதே 1883இல், அவர் பிறந்த நியூயோர்க் நகரில், சிம்சன் என்ற போதகர் ஜெபத்தால் சுகம் பெற விரும்பும் நோயாளிகளுக்கென ஓர் இல்லம் திறந்தார். அக்காலத்தில் அமெரிக்காவில் தெய்வீக சுகமளித்தலைப் பற்றிய போதனை பெருகிக்கொண்டிருந்தது. மருந்தை விட்டுவிடுவதே விசுவாசம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பின்னர் அந்த அலை நம் கரையையும் தொட்டது.

1918இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் பேசிய சாது சுந்தர் சிங் பற்றிய ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. இலங்கையில் வைத்தியர்கள் கைவிட்ட ஒரு சிறுவனின் தாய் வந்து கெஞ்ச, இந்தக் கைகளில் வல்லமை இல்லை, கிறிஸ்துவிடமே உண்டு என்று சொல்லிவிட்டு அவன்மேல் கைவைத்து ஜெபித்தார். சில நாளில் அச்சிறுவன் தாயோடு கூட்டத்தில் வந்து அமர்ந்திருக்கக் கண்டார். அதன் பின் அவர் எடுத்த முடிவு, இனி இப்படிச் செய்வதில்லை என்பதே. சனங்கள் சுகத்துக்காகத் தம்மைத் தேடி வருவார்கள், தாம் சொல்ல வந்த செய்தி மறைந்துபோகும் என்று அவர் கண்டார். அவருடைய போக்கும் அக்னியூ அம்மையாரின் போக்கும் வேறு வேறு. ஆனால் உடுவில் பிள்ளைகள் அந்த ஆனி மாதத்தில் செய்த ஜெபத்தை அவர் விளங்கிக்கொண்டிருப்பார் என்றே தோன்றுகிறது.

அம்மையாரைக் கடைசி வரை பராமரித்த லீச் சகோதரிகள் 1886இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார்கள். வீடு வீடாகச் சென்றபோது அவர்கள் கண்ட ஒரு காட்சி அவர்களை விட்டு அகலவில்லை. ஆண் வைத்தியர் முன் வரக் கூசி, அல்லது வர விடப்படாமல், பிரசவ வேதனையிலும் நோயிலும் உள்வீட்டிலேயே மடிந்த பெண்கள் அவர்கள். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ஜெபியுங்கள் என்ற கடைசி வேண்டுகோளை அருகிலிருந்து கேட்ட வீட்டார், ஜெபத்தோடு நின்றுவிடாமல் பெண்களுக்கென ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பணம் திரட்டினார்கள். பெண் வைத்தியர்களைத் தேடினார்கள். 1896இல் இஸபெல்லா கேர் வைத்தியர் வந்து சேர்ந்தார். 1898இல் இணுவிலில், உடுவிலுக்குப் பக்கத்தில், மக்லியொட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. நம் தாய்மாரிலும் பாட்டிமாரிலும் எத்தனையோ பேர் அங்கே பிள்ளை பெற்றார்கள். நம்மில் சிலர் அங்கேயே பிறந்தோம்.